1948இல் உயர்ந்த கைகள்: நம் சமூகம் கணக்கில் எடுக்காத ஒரு நாள்



பதிவு நீளம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருக்கிற நேரத்தில் ஆறுதலாக வாசியுங்கள்.

தரம் 11 பிள்ளைகளிடம் வருடா வருடம் நான் கேட்கிற ஒரு கேள்வி இருக்கிறது. இந்த நாட்டின் அரசியலையும் சமூகத்தையும் இன்றைய நிலைக்குக் கொண்டுவந்து விட்ட ஒரேயொரு சம்பவத்தைச் சொல்லுங்கள் என்றால் எதைச் சொல்வீர்கள்? பெரும்பாலும் 2019 ஏப்ரல் 21 என்று பதில் வரும். அது அவர்கள் கண்ணால் கண்டது, குற்றம் சொல்ல முடியாது. கொஞ்சம் வாசிக்கிற பிள்ளை 83 ஜூலை என்று சொல்லும். யுத்தம் முடிந்த 2009 என்று ஓரிருவர். வீட்டில் உம்மா, வாப்பாவிடம் கேட்டாலும் ஏறக்குறைய இதே பதில்கள்தான்.

என்னுடைய பதில் 1948. பெப்ரவரி 4 அல்ல. அதே வருடம் நவம்பர் 15. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள். இதைச் சொன்னதும் பின் வரிசையில் இருந்து ஒரு பிள்ளை கேட்டது: "அது தோட்டத்து ஆக்கள்ட பிரச்சினைதானே சேர்?"

அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு. வகுப்பில் நாற்பது நிமிடத்துக்குள் சொல்லி முடிக்க முடியவில்லை.

48ஐ விளங்கிக்கொள்ள 1915க்குப் போக வேண்டும். அதை விளங்கிக்கொள்ள நம் மருதானையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஸாஹிரா 1892இல் தொடங்கியது. ஸித்தி லெப்பை, எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு இங்கே வாழ்ந்த உராபி பாஷா, கொழும்பு நூதனசாலையைக் கட்டிய வாப்பிச்சி மரிக்கார் ஆகிய மூவரின் பெயரும் அதனோடு சேர்ந்தே வரும். மூன்று வருடம் கழித்து, 1895இல், ஆனந்தாக் கல்லூரி புறக்கோட்டையிலிருந்து மருதானைக்கு வந்தது. மாளிகாகந்தையில் வித்யோதயப் பிரிவெனா அதற்கு முன்பே இருந்தது. 1911இல் டவர் மண்டபம் திறந்தார்கள். சிங்கள மன்னர்களின் கதைகள் மேடையேறின. மிஷன் பாடசாலைகளுக்குப் போட்டியாகத் தங்கள் பிள்ளைகளைத் தாங்களே படிப்பிக்க வேண்டும் என்று பௌத்தர்களும் முஸ்லிம்களும் ஒரே காலத்தில், நடந்து போகிற தூரத்தில், ஒரே மாதிரியான வேலையைச் செய்தார்கள். ஒருவருக்கொருவர் எதிரியாக வேண்டிய காரணம் எதுவும் அதில் இருக்கவில்லை. ஆனால் பக்கத்துத் தெருவில் கடை வைத்திருந்தவன் "ஹம்பயா" ஆகிக்கொண்டிருந்ததும் அதே வருடங்களில்தான். கரையோரச் சோனகர் என்று பெயரிடப்பட்ட, தென்னிந்தியாவிலிருந்து வந்த வியாபாரிகளைப் பற்றிப் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் என்னென்ன சொன்னார்கள் என்பதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட எனக்கு மனம் வருவதில்லை.

1915 மே 28 இரவு, வெசாக் காலம், கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலுக்கு முன்னால் ஊர்வலத் தகராறு. கம்பளையில் பெரஹரா பள்ளிவாசலைக் கடந்து போகும்போது மேளம் அடிப்பதா வேண்டாமா என்று சில வருடங்களாக நீதிமன்றத்தில் இழுபட்டுக்கொண்டிருந்த வழக்கின் தொடர்ச்சி அது. இரண்டு மூன்று நாளில் கொழும்புக்கும் வந்துவிட்டது. இங்கே ரயில்வே வேலைத்தளத் தொழிலாளர்களும் அதில் இறங்கினார்கள். ஒன்பது நாள் அளவில் நீடித்தது. அரசாங்கக் கணக்குப்படி கூட்டத்தின் கையால் கொல்லப்பட்ட முஸ்லிம்கள் 25 பேர், சேதமாக்கப்பட்ட பள்ளிவாசல்கள் 86, கொள்ளையடிக்கப்பட்ட கடைகள் 4,075.

இதுவரைக்கும் நம் வீடுகளில் சொல்லப்படுகிற கதை. இதே ஒன்பது நாளுக்கு இன்னொரு கதை இருக்கிறது, அது ஆனந்தாவில் சொல்லப்படுவது. ஜூன் 2இல் பிரித்தானிய ஆளுநர் சால்மர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். கலவரம் அடங்கிய பிறகும் மூன்று மாதம் அது நீக்கப்படவில்லை. வழக்கு விசாரணை ஒழுங்காக இல்லாமலே ஆட்களைச் சுட்டார்கள். ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞன் ஜூலை 7இல் சுட்டுக் கொல்லப்பட்டான். டி. எஸ். சேனநாயக்க, எப். ஆர். சேனநாயக்க, டி. பி. ஜயதிலக்க எல்லோரும் சிறைக்குப் போனார்கள். சிங்களத் தேசிய இயக்கத்துக்குத் தியாகிகளைக் கொடுத்தது 1915. நமக்குக் கொடுத்தது பயத்தை. ஒரே நிகழ்ச்சியை இரண்டு சமூகம் இப்படி இரண்டு விதமாக நினைவு வைத்திருப்பது இந்த நாட்டில் அதுதான் முதல் தடவை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதன் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

சிறைக்குப் போன சிங்களத் தலைவர்களுக்காகச் சட்ட நிரூபண சபையிலும் இங்கிலாந்திலும் வாதாடியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். இராணுவச் சட்டத்தின் கொடுமைக்கு எதிராக அவர் பேசியதில் நியாயம் இருந்தது. ஆனால் 4,075 கடைகளை இழந்த சமூகத்தின் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? இதே இராமநாதன்தான் 1885இல், சோனகர்கள் இனத்தால் தமிழர்களே, மதம் மட்டுமே வேறு என்று சபையில் வாதாடியவர். நமக்கென்று தனிப் பிரதிநிதி தேவையில்லை என்பதற்கான வாதமாகவே நம் முன்னோர் அதை எடுத்துக்கொண்டார்கள். ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்குப் பதில் நூலே எழுதினார்.

ஆகவே 1915க்குப் பிறகு கொழும்பு முஸ்லிம் தலைவர்கள் கற்ற பாடம் இது: பெரும்பான்மையைப் பகைக்காதே. தமிழ்த் தலைவர்களை நம்பாதே. அரசாங்கத்துக்குள் எப்போதும் ஓர் ஆளை வைத்திரு. எந்தப் புத்தகத்திலும் இப்படி மூன்று வசனமாக எழுதியிருக்கவில்லை. ஆனால் அடுத்த நூறு வருடம் நாம் நடந்துகொண்ட விதத்தைப் பாருங்கள்.

இடையில் வந்த வருடங்களில் மருதானையோடு ஒட்டிய ஒரு மனிதரின் கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். ஏ. ஈ. குணசிங்க. 1915இல் அவரும் சிறைக்குப் போனவர். 1920களில் கொழும்புத் தொழிலாளர்களை, சிங்களவர், தமிழர், முஸ்லிம், மலையாளி என்று பார்க்காமல் ஒரே சங்கத்தில் சேர்த்தார். 1929 ட்ராம் வேலைநிறுத்தத்தில் மருதானைப் பொலிஸ் நிலையத்துக்குத் தீ வைக்கப்பட்டு, பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் இறந்தார்கள். இன்று அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நிற்கிற எத்தனை பேருக்கு அது தெரியும்? பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்தது, வேலை இல்லாமல் போனது. அதே குணசிங்க மலையாளித் தொழிலாளர்களை வெளியே போகச் சொல்லிப் பிரசாரம் செய்தார். 1939இல் அரசாங்கமே திணைக்களங்களில் நாட்கூலிக்கு இருந்த இந்தியர்களை நிறுத்தத் தொடங்கியது. நேரு இங்கே வந்து பேசியும் பலன் இல்லை. அதற்கு முன் 1931இல் டொனமூர் யாப்பு எல்லோருக்கும், பெண்களுக்கும் சேர்த்து, வாக்குரிமை கொடுத்திருந்தது. ஆசியாவில் அதுதான் முதல் தடவை. பெருமைதான். ஆனால் எல்லோருக்கும் வாக்கு என்றவுடன் அடுத்து வந்த கேள்வி "எல்லோரும்" என்றால் யார் என்பது. தோட்டத் தொழிலாளிக்கு வாக்குக் கொடுப்பதைச் சிங்களத் தலைவர்கள் அப்போதே எதிர்த்தார்கள். ஐந்து வருட வதிவிடம் என்று நிபந்தனைகள் சேர்ந்தன.

இப்போது 1948.

1946 குடிசனக் கணக்கில் இந்தியத் தமிழர் என்று எழுதப்பட்டவர்கள் சுமார் 7 இலட்சத்து 80 ஆயிரம். நாட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் அளவில். வடக்கு கிழக்கின் இலங்கைத் தமிழரை விட இவர்கள் தொகையில் கொஞ்சம் கூட. 1947 தேர்தலில் இவர்கள் வாக்களித்தார்கள். இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோட்டத் தொகுதிகளில் வென்று பாராளுமன்றம் போனது. வேறு பல தொகுதிகளில் இவர்கள் வாக்கு இடதுசாரி வேட்பாளர்களுக்குப் போனது. டி. எஸ். சேனநாயக்கவின் புதிய அரசாங்கத்துக்கு இரண்டுமே பிடிக்கவில்லை.

சட்டம் என்ன சொன்னது? இலங்கையில் பிறந்தது மட்டும் போதாது. உன் தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அதை நிரூபிக்க வேண்டும். 1880இல் லயத்தில் பிறந்த ஒருவரின் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவது?

இது நமக்குச் சம்பந்தம் இல்லாத சங்கதி என்று நினைப்பவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். தாய் தகப்பன் பெயருக்குக் கீழே, பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த வருடம், இடம் என்று ஒரு கூடு இருக்கும். அதற்கும் கீழே, தகப்பன் இலங்கையில் பிறக்காமல் பூட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய விபரம் என்று இன்னொரு கூடு. பெரும்பாலானோருக்கு அதில் ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கும். ஏன் பூட்டனாரைக் கேட்கிறார்கள் என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? அந்தக் கூடு 1948 சட்டத்தின் வசனம். இந்த நாட்டில் பிறந்த சிங்களப் பிள்ளைக்கும், தமிழ்ப் பிள்ளைக்கும், முஸ்லிம் பிள்ளைக்கும் பிறந்தவுடனே அதைக் கொடுத்துவிடுகிறார்கள்.

அடுத்த வருடம் வந்தது 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம். பிரசாவுரிமை இல்லாமல் போனவர்கள் விண்ணப்பித்துப் பெற்றுக்கொள்ளலாம் என்றது. அதன் பெயரைக் கவனியுங்கள்: இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம். தோட்டத்து ஆட்களின் பிரச்சினை என்றால் அதில் பாகிஸ்தான் எங்கிருந்து வந்தது? மேமன், போரா, காயல்பட்டினம், கீழக்கரை, மலபார் என்று கொழும்பில் கடை வைத்திருந்த எத்தனையோ முஸ்லிம் குடும்பங்கள் இந்தச் சட்டத்துக்குள்தான் வந்தன. புறக்கோட்டையிலும் நம் பக்கத்திலும் இன்று "நாங்கள் பரம்பரையாகக் கொழும்பு" என்று சொல்கிற சில வீடுகளில் வாப்பாவின் வாப்பா ஒரு பைலைத் தூக்கிக்கொண்டு கந்தோர் கந்தோராக அலைந்திருக்கிறார். வீட்டில் அதைச் சொல்வதில்லை, அவ்வளவுதான். மொத்தத்தில் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போனது. ஏற்றுக்கொள்ளப்பட்டது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் மட்டும். அதே 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, பிரசைக்கு மட்டுமே வாக்கு என்றார்கள். 1952 தேர்தலில் தோட்டத் தமிழரின் பிரதிநிதி என்று ஒருவர் கூடத் தெரிவாகவில்லை.

சரி, அநியாயம்தான். ஆனால் நாட்டையே மாற்றிய சம்பவம் என்று ஏன் சொல்கிறேன்? இந்த இடத்தில்தான் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சோல்பரி யாப்பின்படி 75,000 சனத்துக்கு ஓர் ஆசனம், ஆயிரம் சதுர மைலுக்கு மேலதிகமாக ஓர் ஆசனம். எண்ணியது வாக்காளர்களை அல்ல, சனத்தை. தோட்டத் தொழிலாளி எண்ணப்பட்டான்; வாக்கு மட்டும் இல்லை. விளைவு என்ன? நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் தோட்டச் சனத்தின் தொகைக்காகக் கிடைத்த ஆசனங்களை அங்கிருந்த மற்ற வாக்காளர்கள் தெரிவுசெய்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் கிராமத்துச் சிங்களவர்கள். ஒரு பக்கம் சிறுபான்மையின் வாக்குக் குறைந்தது. மறுபக்கம் பெரும்பான்மையின் வாக்குக்குப் பாரம் கூடியது. இதன் பிறகு ஆட்சியைப் பிடிக்கச் சிறுபான்மையின் தயவு தேவையில்லை என்ற நிலை வந்தது. இரண்டு பெரிய கட்சிகளும் ஒரே சிங்கள வாக்குக்காக ஒன்றோடொன்று ஏலம் போடத் தொடங்கின. யார் கூடக் கேட்கிறாரோ அவருக்கு வெற்றி.

1944இல் அரசாங்க சபையில் ஜே. ஆர். ஜயவர்தன சிங்களத்தை அரசகரும மொழியாக்கும் பிரேரணையைக் கொண்டுவந்தபோது, வி. நல்லையாவின் திருத்தத்தோடு சிங்களமும் தமிழும் என்றே அது நிறைவேறியது. சண்டை இல்லை, கல்லெறி இல்லை. பன்னிரண்டே வருடத்தில், 1956இல், அதே தலைமுறைத் தலைவர்கள் சிங்களம் மட்டும் என்று நிற்கிறார்கள். பண்டாரநாயக்கவும் முன்பு இரண்டு மொழியும் என்று சொன்னவர்தான். ஐக்கிய தேசியக் கட்சியும் தேர்தலுக்கு முன் களனி மாநாட்டில் அவசர அவசரமாகச் சிங்களம் மட்டும் என்று மாறியது. நடுவில் என்ன நடந்தது? மனிதர்கள் திடீரென்று கெட்டவர்களாகிவிடவில்லை. வாக்குக் கணக்கு மாறிவிட்டது. 56 என்பது 48 போட்ட குட்டி என்று நான் வகுப்பில் சொல்வது இதனால்தான்.

56க்கு வேறு காரணங்கள் இல்லை என்று சொல்லவில்லை. நாட்டில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேரும் இல்லை. தன் காணி வழக்கில் நீதிபதி என்ன சொன்னார் என்று விளங்காமல் நின்ற சிங்களக் கமக்காரனுக்குத் தன் மொழி கந்தோருக்குள் வர வேண்டும் என்ற ஆசை முழுக்க நியாயமானது. கன்னங்கரவின் இலவசக் கல்வியில் சுயமொழியில் படித்து வெளியே வந்த இளைஞர்களுக்கு வேலை இல்லை. அந்த வலியை மறந்துவிட்டு 56ஐப் பேசினால் சிங்கள நண்பர் ஒருவரோடு இரண்டு நிமிடத்துக்கு மேல் பேச முடியாது. ஆங்கிலத்தை இறக்க வேண்டியது சரி; தமிழையும் சேர்த்து இறக்கியதுதான் பிழை.

இனி நம் சமூகத்தின் பங்கு. இதை எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது.

1948இல் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சரவையில் தொழில், சமூக சேவை அமைச்சராக இருந்தவர் மர்ஹூம் டி. பி. ஜாயா. 1921 முதல் 1948 வரை ஸாஹிராவின் அதிபர். ஸாஹிராவை ஸாஹிராவாக்கியவர். 1947இல் கொழும்பு மத்தியிலிருந்து குணசிங்க, பீட்டர் கெனமன் ஆகியோரோடு பாராளுமன்றம் போனவர். முஸ்லிம்கள் சலுகை கேட்டு நிபந்தனை போடாமல் சுதந்திரத்துக்கு ஆதரவளிக்க வேண்டும் என்று 1945இல் சபையில் பேசியவர். நாட்டின் சுதந்திர வரலாற்றில் அந்தப் பேச்சுக்கு ஓர் இடம் இருக்கிறது. மதீனாவில் அடக்கம் செய்யப்பட்ட அந்த மனிதரைக் குறைசொல்லி லைக் வாங்குகிற தேவை எனக்கு இல்லை. அவர் காலத்தில், 1915ஐக் கண்ணால் கண்ட ஒரு சமூகத்தின் தலைவராக, அரசாங்கத்தோடு நிற்பது தவிர வேறு வழி அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அவருடைய பெயர் சொல்லி விழா எடுக்கிற நாம், தொழில் அமைச்சராக இருந்த அவருடைய அரசாங்கம் நாட்டின் மிகப் பெரிய தொழிலாளர் கூட்டத்தின் வாக்கைப் பறித்தது என்ற வசனத்தை ஒரு மேடையிலாவது சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். மதிப்பு வேறு, கணக்கு வேறு.

இது நம்முடைய வெட்கம் மட்டும் இல்லை. ஜி. ஜி. பொன்னம்பலம் பிரசாவுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்துவிட்டு, சில நாளில் அமைச்சராகி, அடுத்த சட்டத்துக்குக் கை தூக்கினார். அதனால் அவருடைய கட்சி உடைந்தது. பிரிந்து வந்த செல்வநாயகம் 1949 டிசம்பர் 18இல் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடக்கினார். எங்கே தெரியுமா? யாழ்ப்பாணத்தில் அல்ல. நம் மருதானையில், அரசாங்க எழுதுவினைஞர் சங்க மண்டபத்தில். சமஷ்டி என்ற சொல் இந்த நாட்டின் அரசியலுக்குள் கட்சிக் கொள்கையாக நுழைந்த இடம் நம் வீட்டுக்கு ஐந்து நிமிட நடை. அன்று அந்தப் பக்கத்தால் அஸருக்குப் போன நம் ஆட்கள் அதை இன்னொரு தமிழர் கூட்டம் என்று நினைத்துக் கடந்து போயிருப்பார்கள்.

56இலும் கொழும்பு முஸ்லிம் தலைவர்கள் சிலர் தனிச் சிங்களச் சட்டத்துக்கு ஆதரவாக நின்றார்கள். அதே வருடம் கிழக்கில் கல்முனையிலும் பொத்துவிலிலும் காரியப்பரும் முஸ்தபாவும் தமிழரசுக் கட்சி வேட்பாளர்களாக வென்றார்கள். பிறகு இருவரும் கட்சி மாறினார்கள். சட்டம் 56க்கு 29 என்று நிறைவேறியது. சிங்களப் பகுதிகளில் சிதறி வாழ்கிற நாம் வேறு என்ன செய்ய முடியும் என்பது கொழும்பின் வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் வீட்டில் தமிழ் பேசி, தமிழில் குத்பா கேட்டு, தமிழில் மவ்லிது ஓதி வளர்ந்த சமூகம், தன் சொந்த மொழி தள்ளப்பட்டபோது "அது தமிழர்களுடைய பிரச்சினை" என்றது. 48இல் தோட்டத்து ஆட்களின் பிரச்சினை, 56இல் தமிழர்களின் பிரச்சினை. 1971இல் தரப்படுத்தல் வந்தபோது தமிழ் மொழி மூலம் மருத்துவபீடம் போக 250 புள்ளி, சிங்கள மொழி மூலம் 229. தமிழ் மூலத்தில் எழுதிய முஸ்லிம் பிள்ளைக்கும் அதே 250தான். கல்வி அமைச்சர் நம்மவர்.

அதன் பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரியும், வேகமாகப் போகிறேன். 1970இல் கூட்டணி அரசாங்கத்துக்கு 151இல் 116 ஆசனம். 1972இல் புதிய யாப்பு, சிறுபான்மைக் காப்பீடாக இருந்த 29ஆம் பிரிவு போனது. 1977இல் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 168இல் 140 ஆசனம், வாக்கில் பாதிக்குக் கொஞ்சம் மேல்; 1978இல் நிறைவேற்று ஜனாதிபதி முறை. இந்த ஊதிப்போன பெரும்பான்மைகளுக்குத் தோட்டத் தொகுதிக் கணக்கு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சிறுபான்மையிடம் கேட்காமலே யாப்பு எழுதலாம் என்ற தைரியம் வந்தது 48, 49இல்தான்.

83 பற்றி ஒரு வசனம். கறுப்பு ஜூலைதான் எல்லாவற்றையும் மாற்றியது என்று வெள்ளவத்தையில், கொட்டாஞ்சேனையில் அதைப் பார்த்தவர்கள் சொல்வார்கள். அவர்களோடு வாதாட நான் யார்? யுத்தத்தைப் பெரிதாக்கியது அதுதான், புலம்பெயர்ந்த சமூகத்தை உண்டாக்கியதும் அதுதான். ஆனால் அன்று கூட்டம் கையில் எதைக் கொண்டுவந்தது என்று அவர்களிடமே கேளுங்கள். வாக்காளர் இடாப்பு. எந்த வீட்டில் யார் என்று அதைப் பார்த்துத்தான் வந்தார்கள். 1949இல் பெயர் வெட்டிய இடாப்பு, 83இல் ஆளைத் தேடப் பயன்பட்டது.

1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்களைப் புலிகள் இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள். வடக்கு முழுவதிலுமாக 75,000 பேர் அளவில். பெரும்பான்மை சிறுபான்மைக்குச் செய்ததை, ஒரு சிறுபான்மை இன்னொன்றுக்குச் செய்யலாம் என்று காட்டிய நாள் அது. இன்னொரு ஒக்டோபர் 30 இருக்கிறது. 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான தேதி. 9 இலட்சத்து 75 ஆயிரம் மனிதர்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 இலட்சம் இலங்கைக்கு, மிச்சம் பிறகு பார்ப்போம் என்று இரண்டு அரசாங்கம் பங்கு போட்டது. தேதி ஒன்றாக அமைந்தது தற்செயல். இரண்டு கூட்டத்திடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது தற்செயல் அல்ல.

இப்போது 2020. ஏப்ரல் 11 வர்த்தமானி. கொவிட்டில் இறந்தவர்களின் உடலை எரிக்க வேண்டும். அதுவும் ஒரு காகிதம்தான், கல்லும் இல்லை, நெருப்புப் பந்தமும் இல்லை. இருபது நாள் குழந்தையின் ஜனாஸாவும் போனது. அந்த வருடம் நாம் அனுபவித்ததை எழுத எனக்கு வார்த்தை இல்லை. அப்போதும் அமைச்சரவையில் நம்மவர் ஒருவர் இருந்தார், நீதி அமைச்சராக. ஒக்டோபரில் 20ஆவது திருத்தத்துக்கு எதிர்க்கட்சியிலிருந்த முஸ்லிம் உறுப்பினர்கள் சிலரும் கை தூக்கினார்கள். 1915க்குப் பிறகு கற்ற பாடம் நூறு வருடம் கழித்தும் அப்படியே: உள்ளே ஓர் ஆளை வைத்திரு. உள்ளே ஆள் இருந்தார். உடல் எரிந்தது.

அப்போது யார் பேசினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பொரளை கனத்தை வாயிலில் வெள்ளைத் துணி கட்டியவர்களில் சிங்களவர்களும் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணியில் ஜனாஸாவும் ஒரு கோரிக்கையாக இருந்தது. அந்த மாதம் 25இல் வர்த்தமானி மாறியது. ஓட்டமாவடியில் மண் கிடைத்தது.

மலையக மக்களுக்குக் கதை 2003இல்தான் சட்டப்படி முடிந்தது. அந்த வருடத்தின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக இருக்கிறவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பிரசை ஆகலாம் என்றது. 55 வருடம். ஒரு தலைமுறை முழுதாக எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் வாழ்ந்து மௌத்தானது.

இன்று அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் எங்கே? நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். மருதானை, பஞ்சிகாவத்தைக் கடைகளில், சாப்பாட்டுக் கடைக் குசினியில், நம் சில வீடுகளின் பின்பக்கத்தில். நாம் அவர்களை எப்படிக் கூப்பிடுகிறோம் என்று கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். வாப்பா வயது மனிதரை "டேய்" என்கிற சின்னப் பிள்ளையை நான் கண்டிருக்கிறேன். "தோட்டத்துப் பொடியன்" என்பது பெயராகவே ஆகிவிட்டது. பின் வரிசையிலிருந்து அந்தக் கேள்வி வந்தபோது எனக்குக் கோபம் வராததற்குக் காரணம் இதுதான். பிள்ளை வீட்டில் கேட்டதைச் சொன்னது.

கடைசியாக ஓர் உதவி. இந்தப் பகுதியில் எழுபது, எண்பது வயதைத் தாண்டிய மூத்தவர்கள் இருக்கிற வீடுகளில் அலுமாரியின் அடித்தட்டைக் கொஞ்சம் பாருங்கள். 1949 சட்டத்தின் கீழ் பெற்ற பிரசாவுரிமைச் சான்றிதழ், தற்காலிக வதிவிட அனுமதி, பழைய இந்தியக் கடவுச்சீட்டு, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட கடிதம், எதுவாக இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். செல்லரிக்கு முன் படம் எடுத்து வையுங்கள். படத்தை எனக்கு அனுப்புவதானால் பெயரையும் இலக்கத்தையும் ஒரு கடதாசித் துண்டால் மறைத்து எடுங்கள். அடுத்த தவணையில் 48ஐப் படிப்பிக்கும்போது, பாடப்புத்தகத்தில் நாலு வரியில் இருக்கிற சட்டத்தை நம் தெருக் காகிதம் ஒன்றை வைத்துக் காட்ட வேண்டும். மூத்தவர்களிடம் கேட்கும்போது அவசரப்படுத்தாதீர்கள். முதல் தடவை "அதெல்லாம் இப்ப எதுக்கு மகன்" என்றுதான் சொல்வார்கள்.